அஞ்சு கூவல் படம்

ஒரு காட்டில்... என்ன, அதுக்குள்ள நிமிர்ந்து உட்கார்ந்துட்டீங்க? சிங்கம் வரும், கர்ஜிக்கும், பயந்த மாதிரி நடிக்கலாம்னுதானே பாக்குறீங்க? ஏமாந்தீங்க. இந்தக் கதையில சிங்கமே கிடையாது. போனாப் போகுது, யானை இருக்கு. மயில் இருக்கு. நரி இல்லாம கதையா, அதுவும் இருக்கு. ஆனா கதை அவங்களோடது இல்ல. அதோ, காஞ்ச குச்சி மேல உட்கார்ந்து தலையாட்டிக்கிட்டே இருக்கு பாருங்க ஒரு ஓணான், அதோட கதை.

ஓணானுக்குப் பிறந்ததிலேருந்தே அந்தப் பழக்கம். ஆமான்னாலும் தலை மேலயும் கீழயும் போகும். வேண்டாம்னாலும் அப்படித்தான் போகும். மனசுக்குள்ள "ஐயோ, கூடவே கூடாது"ன்னு கத்தும்போது இன்னும் வேகமா ஆடும்.

அந்த ஓணான் குளத்துக்குப் போற வழியில, மணலுக்குள்ள முட்டை வச்சிருந்துச்சு. போன வருஷமும் அங்கதான் வச்சிருந்துச்சு. தண்ணி குடிக்கப் போன கூட்டம் மிதிச்சதுல ஒண்ணுகூட மிஞ்சல.

"கொஞ்சம் ஓரமா நடங்களேன்"னு ஒவ்வொருத்தர் காலடியிலயும் நின்னு கத்திப் பாத்துச்சு. யானையோட கால் நகத்துக்கிட்ட நின்னு கத்தினா காதுக்கா போகும்?

அப்பத்தான் காட்டுல குறும்பட விழா அறிவிச்சாங்க. சுத்திப் பாக்க வந்த யாரோ தவறவிட்டுப் போன கேமரா ஒண்ணு குரங்குகள்கிட்ட இருந்துச்சு. யார் வேணும்னாலும் வாங்கிப் படம் எடுக்கலாம். குகைச் சுவர்ல போட்டுக் காட்டுவாங்க. காடே வந்து பாக்கும். ஒரே ஒரு விதி. காட்டுக்கோழி அஞ்சு தடவை கூவுறதுக்குள்ள படம் முடிஞ்சிடணும்.

"காதுல விழலைன்னா என்ன, கண்ணுல விழட்டும்"னு ஓணான் கிளம்பிடுச்சு.

முட்டைக்குப் பதிலா ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை மணல்ல வச்சுது. மிதிக்க ஒரு கால் வேணுமே? எருமைகிட்ட போச்சு.

"எருமையண்ணே, இப்படி நேரா நடந்து வாங்க. அவ்வளவுதான்."

"வசனம்?"

"இல்லண்ணே."

"சண்டை?"

"இல்லண்ணே. உங்க கால் மட்டும்தான்."

"நாலு காலுமா?"

"ஒண்ணு போதும்ணே."

எருமை நடந்துச்சு. பொத்துனு மிதிச்சுது. அன்னிலேருந்து அந்த ஒரு காலை மட்டும் சேத்துல வைக்காம நொண்டிக்கிட்டே திரிஞ்சுது. "ஏன்யா நொண்டுற?"ன்னு கேட்டா, "நொண்டலய்யா, நடிகன்"னு சொல்லும்.

படம் அழகா வந்துச்சு. மணல். அதுக்குள்ள முட்டை. தூரத்துல ஒரு சத்தம். கால். பொத். அப்புறம் குளம்புத் தடம் மட்டும். சரியா அஞ்சு கூவல்.

ஆனா புதுசா படம் எடுக்குறவங்க அப்படியே கொண்டுபோய்ப் போட்டுட முடியுமா? முடியாது. வழிகாட்டிங்ககிட்டக் காட்டி, செம்மைப்படுத்தி வாங்கணும். வழிகாட்டிங்க யாரு? யானை ஐயா, மயில் மாஸ்டர், நரி சார்.

யானை ஐயா படத்தைப் பாத்துச்சு. துதிக்கையை ஆட்டுச்சு.

"நல்...லா... இருக்கும்மா. ஒரே ஒரு சின்னத் திருத்தம்."

"சொல்லுங்கய்யா."

"இந்தக் கால் வருதே, இது... அவசியமா? பாக்குறவங்க என்னைச் சொல்றதா நெனச்சுட்டா?"

"ஐயா, அது எருமையண்ணன் காலுங்க."

"எருமைக் கால்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மத்தவங்களுக்கு? கால்னாலே காட்டுல யார் ஞாபகம்மா வரும்? எடுத்துடு. அந்த இடம் காலியா இருக்குமேன்னு கவலைப்படாதே. முதல்ல நன்றி கார்டு போடுவோம். யானை ஐயாவுக்கு நன்றின்னு. பக்கத்துல என் படம். காது முழுசாத் தெரியணும். நான் மெதுவா நடக்குற ஆள், கார்டும் மெதுவாத்தான் வரணும்."

"காலை எடுத்துட்டா கதையே போச்சே"ன்னு ஓணான் மனசு துடிச்சுது. தலை வேகமா மேலயும் கீழயும் ஆடுச்சு.

"பாத்தியா, எவ்வளவு பணிவான பொண்ணு!"ன்னு யானை பூரிச்சுப்போச்சு.

அடுத்து மயில் மாஸ்டர். பாதிப் படத்துக்கு மேல பாக்கவே இல்ல. முகத்தைத் திருப்பிக்கிச்சு.

"என்ன கண்ணு இது, ஒரே மண்ணு? கலர் எங்க? ரசிகன் கண்ணை எங்க வைப்பான்?"

"முட்டை மேல வைப்பாங்க மாஸ்டர்."

"முட்டை! ஆடுமா? பாடுமா? சும்மா கிடக்கும். அதைத் தூக்கு. உன் முகத்துக்காகச் சொல்றேன், நான் வேற யாருக்கும் இதைச் செய்ய மாட்டேன். நன்றி கார்டுல தோகையை விரிச்சு ஒரு சுத்து சுத்தித் தரேன். ரெண்டு சுத்து. சரி, மூணா வச்சுக்கோ. என்ன சொல்றே?"

வேண்டாம்னு சொல்ல ஓணான் வாயைத் திறந்துச்சு. அதுக்குள்ள தலை ஆடிடுச்சு.

"சமத்து!"

கடைசியா நரி சார். நரி படத்தைப் பாத்துச்சு, ஓணானைப் பாத்துச்சு, வாலைத் தடவிக்கிச்சு.

"பாப்பா, நான் உன் பக்கம். அது முதல்ல தெரிஞ்சுக்கோ."

ஓணானுக்குக் கண்ணே கலங்கிடுச்சு. ஒருத்தராவது கிடைச்சாரே!

"சார், அப்ப அந்தக் காலையும் முட்டையையும் திரும்ப வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாமே! தாராளமா. ஆனா நீளம் இடிக்குதே பாப்பா. அதுங்க இல்லாமலே அஞ்சு கூவல் தாண்டிப் போச்சு, இன்னும் எதையாவது வெட்டணும். யானை ஐயா கார்டை வெட்டலாமா? கோவிச்சுக்குவாரு. மயில் மாஸ்டர் கார்டை வெட்டலாமா? அழுதுடுவாரு. அப்போ என்ன மிச்சம்? மணல். மணலை இந்தக் காட்டுல பாக்காதவங்க யாரு? வெட்டிடுவோம். அந்த இடத்துல, இப்படி அருமையா வெட்டிக் கொடுத்த நரி சாருக்கு நன்றி. முடிஞ்சுது. கச்சிதமா இருக்குல்ல?"

அப்பவும் அந்தப் பாழாய்ப்போன தலை ஆடுச்சு.

விழா நாள் வந்துச்சு. குகை நிறையக் கூட்டம். எருமை காலைக் குளிப்பாட்டிக்கிட்டு வந்து, இடம் கிடைக்காம வாசல்ல நின்னுச்சு. "என்னோட கால் நடிச்ச படம்"னு பக்கத்துல நின்ன பன்னிகிட்டயும் சொல்லிவச்சுது.

காட்டுக்கோழி முதல் தடவை கூவுச்சு. யானை ஐயாவுக்கு நன்றி. ஒரு காது வந்துச்சு. ரெண்டாவது கூவலுக்கு இன்னொரு காது வந்துச்சு. மயில் மாஸ்டருக்கு நன்றி. ஒரு சுத்து, ரெண்டு சுத்து, மூணு சுத்து. கூட்டத்துல கைதட்டல். நரி சாருக்கு நன்றி. 'இயக்கம்: ஓணான்'. கொக்கரக்கோ! அஞ்சாவது கூவல். சுவர் வெறும் சுவராயிடுச்சு.

"பிரமாதம்!"னு யானை எழுந்துச்சு. "என்ன ஒரு நேர்த்தி!"ன்னு மயில் கழுத்தை நீட்டுச்சு. "எல்லாம் நம்ம பாப்பாவோட உழைப்பு"ன்னு நரி அடக்கமாச் சொல்லுச்சு.

"சரி, தண்ணி குடிச்சுட்டு வருவோம்"னு யாரோ சொன்னாங்க. கூட்டம் மொத்தமா எழுந்துச்சு. குளத்துக்குப் போற வழி, அதே வழி.

ஓணான் பதறிப்போய், எல்லார் கால் இடுக்குலயும் புகுந்து ஓடி, குகை வாசல்ல இருந்த கல் மேல ஏறி நின்னுச்சு. மூச்சு வாங்குச்சு.

"என்ன பாப்பா, சந்தோஷம்தானே?"ன்னு யானை முன்காலைத் தூக்கிக்கிட்டே கேட்டுச்சு.

காடே பாக்குது. ஓணான் தலை பழக்கப்படி மேல போச்சு. கீழ வர வேண்டிய தலையைப் பல்லைக் கடிச்சு நிறுத்துச்சு. அப்புறம் பிறந்ததிலேருந்து முதல் தடவையா இடமும் வலமும் ஆட்டுச்சு.

யானை தூக்கின காலைக் கீழ வைக்கல. மயில் தோகையை மடக்கிடுச்சு.

"இல்லையா? ஏன்? படத்துல அப்படி என்னம்மா குறை?"ன்னு யானை கேட்டுச்சு.

நரி தரையைப் பாத்துச்சு. வாசல்ல நின்ன எருமைதான், குளிப்பாட்டின காலைத் தட்டிக்கிட்டுக் கேட்டுச்சு:

"குறையா? கார்டெல்லாம் முடிஞ்சுதுங்க. அந்த முட்டையை என் கால் மிதிக்குமே, அந்தப் படத்தை எப்ப போடுவீங்க?"

நீதி: சொல்றவங்களுக்கெல்லாம் தலையாட்டினா, நாம சொல்ல வந்தது சொல்லாமலே போயிடும்.