பால்காரி வரும் நேரம்

மலையடியில் ஒரு சின்ன மடம். அதை நடத்தி வந்தவர் ஓர் அம்மா. சீடன் ஒருத்தன்தான், குழந்தைவேலு. ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவன், ஒருநாள் மத்தியானச் சோற்றுக்காகப் படியேறி வந்து அப்படியே தங்கிவிட்டான்.

மடத்தில் ஒரு நாயும் இருந்தது. பேர் கருவாயன். ராத்திரி வேலுவின் காலடியில்தான் படுக்கும்.

பால்காரி வெள்ளையம்மா இடுப்பில் பிள்ளையோடு வருவாள். அவளைக் கண்டாலே கருவாயன் பாயும். வேலு அதன் கழுத்துக் கயிற்றைச் சுண்டி இழுப்பான்.

"மொதல்ல ஆசையாத்தான் தாவுச்சு சாமி. இப்பப் பல்லைக் காட்டுது. பிள்ளையக் கடிச்சு வச்சா யாரு பதில் சொல்றது? நாயி இருந்தா நான் வரமாட்டேன்" என்றாள் ஒருநாள் அம்மாவிடம்.

அம்மா யோசித்தார். "அமாவாசை வரைக்கும் பொறு தாயி. அதுக்குள்ள அடங்கலேன்னா செங்கல் சூளைக்குக் காவலுக்கு அனுப்பிடறேன்."

வேலுவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தான். பால்கேன் சத்தம் கேட்டதும் வெடுக்கென்று இழுத்தான்.

"உக்காரு! சனியனே, எத்தனை தரம் சொல்றது?"

நாய் முன்னைவிட அதிகமாக உறுமியது.

"அம்மா, இழுத்து இழுத்து என் கைத்தோலே உரிஞ்சுபோச்சு. இதுக்கு எப்பத்தான் புத்தி வரும்?"



அடுத்த நாள் கேன் சத்தம் கேட்டது. வேலு கயிற்றை இழுத்தான். அம்மா பின்னால் வந்து, அவன் கழுத்தில் கிடந்த துண்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்.

"ஐயோ! என்னம்மா இது?"

"ஒண்ணுமில்லே. நீ உன் வேலையைப் பாரு."

தினமும் இதே கூத்து.

ஒருநாள் கேன் சத்தம் கேட்டதும் வேலுவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அம்மா அப்போது அடுப்படியில் இருந்தார்.

"வந்துட்டியா? விடிஞ்சா உனக்கு வேற வீடே கிடையாதா?" என்று வெள்ளையம்மாவைப் பார்த்துக் கத்தினான்.

பிள்ளை வீறிட்டு அழுதது.

"நான் என்ன சாமி பண்ணேன்?"

"கேக்கிறா இல்லே, சொல்லு" என்றார் அம்மா உள்ளிருந்தே.

வேலுவின் கை இன்னும் கழுத்துத் துண்டிலேயே இருந்தது. பக்கத்தில் கருவாயன் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவள் போனபிறகு அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்ப நான் என்னதாம்மா செய்யறது?"

அம்மா அவன் கையில் ஓர் இட்லியை வைத்தார். "அவ தூரத்துல வர்றப்பவே பிட்டுப் பிட்டுக் குடு. உறுமறதுக்கு முன்னாடி."

"லஞ்சமா?"

"குடுன்னா குடு. துண்டை இழுத்து எனக்கும் கை வலிக்குது."

அமாவாசையன்று வெள்ளையம்மா வர நேரமாகிவிட்டது. கருவாயன் வாசலில் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது. கேன் சத்தம் கேட்டதும் வாலால் மண்ணைக் கூட்டியது. திரும்பி வேலுவின் கையைப் பார்த்தது. கயிறு தொய்ந்து கிடந்தது. பிள்ளை நாயைப் பார்த்துச் சிரித்தது.

"நாளைக்கு வர்றேன் சாமி" என்று பாலை ஊற்றிவிட்டு அவள் போனாள்.

வேலுவுக்கு அப்போதும் மனசு ஆறவில்லை.

"இது திருந்தலேம்மா. இட்லிக்காகத்தான் சும்மா இருக்கு."

அம்மா பாலை அடுப்பில் ஏற்றினார்.

"நீ மொதமொதல்ல இந்தப் படியேறி வந்தது எதுக்குன்னு நான் கேட்டேனா?"