கூப்பிட்ட மந்தி கிளையை விட்டு இறங்கக் கூடாது

ஆற்றை ஒட்டிய காட்டில், நாவல் மேட்டில், முத்தரசி என்ற மந்தியும் மருதாணி என்ற புள்ளிமானும் சிநேகிதிகள். முத்தரசி மரத்தின் மேலே. மருதாணி மரத்தின் கீழே. மேலே இருப்பவள் கொழுந்தைப் பாதி கடித்து மீதியைக் கீழே போடுவாள். கீழே இருப்பவள் பொறுக்கித் தின்பாள். கை தவறி விழுவதல்ல, வேண்டுமென்றே போடுவதுதான் என்று மருதாணிக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

அந்த நாளில் காட்டுக்கு ஒரே ஒரு செய்திதான் செய்தி. புலி வருகிறதா, இல்லையா?

அதைச் சொல்வது மந்தியின் வேலை. புலியைக் கண்டால் முத்தரசி தொண்டையிலிருந்து "கொக்" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். உடனே எல்லோரும் தலைதெறிக்க ஓடினார்கள் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. மான்கள் முதலில் தலையைத் தூக்கி மந்தியின் முகத்தைப் பார்க்கும். அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாளோ, அந்தப் பக்கம் புலி. அதற்கு எதிர்ப்பக்கம் ஓட்டம்.

இதற்கு ஒரு சட்டமும் உண்டு. கூப்பிட்ட மந்தி கிளையை விட்டு இறங்கக் கூடாது. புலி கண்ணை விட்டு மறையும் வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மழை கொட்டினாலும் சரி, பக்கத்துக் கிளையில் பழம் பழுத்துத் தொங்கினாலும் சரி. பார்க்காமல் கூப்பிட்ட மந்தியின் மரத்தடியில் அதற்குப் பிறகு ஒரு மானும் மேயாது. யாரும் எழுதி வைத்த சட்டமல்ல. அதனால்தானோ என்னவோ, எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

பிறகு காட்டுக்குள் போன் வந்தது. எப்படி வந்தது, சிம் கார்டு யார் கொடுத்தார்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். மான் பேசுவதை நம்பி இவ்வளவு தூரம் வந்தவர்கள் போனையும் நம்பலாம்.

வந்த வாரமே அலங்காரம் என்ற பெண்மயில் 'நாவல் மேடு சொந்தங்கள்' என்று ஒரு குரூப் ஆரம்பித்தாள். காட்டில் எல்லோருக்கும் அவள் சித்தி. பொழுது விடிவதற்குள் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்வாள். பிறகு, வேப்பங்கொழுந்து தின்றால் கொம்பு உதிரும் என்பாள். மின்னலில் நின்றால் முட்டை கெடும் என்பாள். கெட்டவள் இல்லை. எல்லோர் மேலும் கொள்ளைப் பாசம். அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

முத்தரசியும் மாறிப் போனாள். அதே மரம், அதே கிளை. ஆனால் தலை குனிந்தபடி போனுக்குள். கொழுந்து விழுவது நின்றுவிட்டது. மருதாணி கீழே நின்றுகொண்டே மேலே மெசேஜ் அனுப்புவாள். முத்தரசி ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவாள். கட்டைவிரலைத் தின்ன முடியுமா?

அந்த வருஷம் மழை அடித்துப் பெய்தது. ஆறு கரையை உடைத்துக்கொண்டு புகுந்து நாவல் மேட்டைத் தீவாக்கியது. எதிர்க்கரையில் உயரமான பாறைக்காடு. பெரியநாயகி என்ற கிழட்டு யானை தன் கூட்டத்தோடு அங்கே முகாம் போட்டாள். புல் சேர்த்து வைத்தாள். தண்ணீரில் இறங்கி வந்து குட்டிகளை முதுகில் ஏற்றிக் கொண்டுபோனாள். குட்டிகளை மட்டும்.

அதற்குக் காரணம் இருந்தது. குட்டிகளுக்கு இந்த ஓட்டத்தில் நீந்தத் தெம்பில்லை. பெரியவர்கள் யானைகளின் மறைவில் நீந்தி வந்துவிடலாம். குட்டிகளைக் கரை சேர்த்த பிறகு அவர்களைக் கூட்டிப் போகலாம் என்பது திட்டம். இதைப் பெரியநாயகி யாரிடமும் சொல்லவில்லை. நேரமில்லையாம். நல்லது செய்கிறவர்களுக்கு அதைச் சொல்ல மட்டும் எப்போதும் நேரமிருப்பதில்லை.

முதல் நாள் பன்றிக்குட்டிகள், முயல்குட்டிகள், சில மான்குட்டிகள் அக்கரை போயின. மறுநாள் காலையில் குரூப்பில் ஒரு படம் வந்தது. புலியின் வாயில் ஒரு மான்குட்டி. கீழே, யானை முகாமில் புலி இருக்கிறது, குட்டிகளைப் பிரித்துக் கொண்டுபோய் அதற்குக் கொடுக்கிறார்கள், உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது.

மேடு அலறியது. பிள்ளையை அனுப்பியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அனுப்பாதவர்கள் பிள்ளையைப் புதருக்குள் ஒளித்தார்கள். மருதாணியின் குட்டி பொட்டு பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதை வயிற்றுக்கடியில் அமுக்கிக்கொண்டு மேட்டின் உச்சியில் முத்தரசியின் மரத்தடிக்கு ஏறினாள்.

பெரியநாயகி வந்தபோது ஒருவரும் குட்டியைத் தரவில்லை. கட்டையன் என்ற காட்டுப்பன்றி அவள் தும்பிக்கையைக் குத்தவே போனான். சாயங்காலத்துக்குள் மலையிலிருந்து பெருவெள்ளம் வந்துவிடும், அப்புறம் இந்த மேடும் இருக்காது, என்னாலும் ஆற்றில் நிற்க முடியாது என்று அவள் கத்திப் பார்த்தாள். கேட்பார் இல்லை. கோபத்தோடு திரும்பிப் போய்க் குரூப்பில் ஒரு அறிவிப்புப் போட்டாள். 'பொய்ச் செய்தி. முகாமில் புலியே கிடையாது. நம்ப வேண்டாம்.'

"பொய்யா இருந்தா எதுக்கு இவ்வளவு கோபம் வருது?" என்றான் கட்டையன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

தண்ணீர் நாவல் மரத்தின் வேரைத் தொட்டது. மருதாணி பழைய வழக்கத்தில் தலையைத் தூக்கி முத்தரசியின் முகத்தைப் பார்த்தாள். முத்தரசி ஆற்றையும் பார்க்கவில்லை, அக்கரையையும் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ பார்த்தியா?"

"அதான் படம் இருக்கேடி."

"படத்தைக் கேக்கல. நீ பார்த்தியா?"

எத்தனையோ மழைக்காலமாக யாரும் முத்தரசியிடம் கேட்காத கேள்வி. அவளும் அந்தப் படத்தை நாலு பேருக்கு அனுப்பியிருந்தாள். போனை மடியில் வைத்தாள்.

"பார்க்கல. பார்க்காமலேயே கூப்பிட்டுட்டேன்."

பிறகு இருவரும் சேர்ந்து ஒவ்வொருவராகக் கேட்டார்கள். உனக்கு யார் சொன்னது? அலங்காரத்துக்குக் கட்டையன் சொன்னானாம். கட்டையனுக்குப் பக்கத்துப் புதர் முயல் செங்கமலம் சொன்னாளாம். செங்கமலம் மருதாணியையே முறைத்தாள்.

"நீதானே முதல் நாள் என்கிட்டே புலம்பினே? குட்டிங்களை மட்டும் எதுக்குத் தனியா கூட்டிட்டுப் போறாங்க, அங்கே புலி கிலி இருந்தா என்ன பண்றதுன்னு?"

சந்தேகமாகச் சொன்னால் ஒருவரும் காது கொடுப்பதில்லை, அதனால் நிச்சயமாகவே சொல்லிவிட்டேன் என்றான் கட்டையன். படம்?

"வெறும் எழுத்தா அனுப்பினா மொட்டையா இருக்குமேன்னு நான்தான் சேர்த்தேன்," என்றாள் அலங்காரம். "என்கிட்டே பழசு ஒண்ணு இருந்துச்சு. எந்தக் கோடையோ, யாரோட பிள்ளையோ."

மருதாணியின் பயமே ஊரைச் சுற்றிவிட்டுச் செய்தியாக அவளிடம் திரும்பி வந்திருந்தது.

கட்டையன் விடவில்லை. "சரி, புலி இருக்குன்னு யாரும் பார்க்கல. இல்லேன்னு மட்டும் யாரு பார்த்தது?"

முட்டாளும் சில சமயம் சரியான கேள்வியைக் கேட்டுவிடுகிறான்.

"நான் போய்ப் பார்க்கறேன்," என்றாள் முத்தரசி.

பெரியநாயகியை வரவழைத்தார்கள். முத்தரசி தன் நிபந்தனையைச் சொன்னாள். இங்கே ஏறும்போதே வீடியோ கால் போடுவேன். வழியில் நிறுத்த மாட்டேன். என் முகமும் தெரியும், நான் பார்ப்பதும் தெரியும். முகாமில் எந்த மரத்திலும் ஏறுவேன், எதைக் காட்டாதே என்றும் யாரும் சொல்லக் கூடாது.

பெரியநாயகியின் காது ஆடாமல் நின்றது. "ஏன், என் வார்த்தை போதாதா?"

"போதாது பெரியம்மா. யார் வார்த்தையும் போதாது."

முகாம் சேறும் சகதியுமாகக் கிடக்கிறது, கொஞ்சம் ஒழுங்குபடுத்திவிட்டுக் கூட்டிப்போகலாம் என்று இன்னொரு யானை இழுத்தது. முத்தரசி அதற்குள் பெரியநாயகியின் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மேட்டில் எல்லோரும் மருதாணியின் போனைச் சுற்றி முண்டியடித்தார்கள். திரையில் ஆறு ஓடியது. யானையின் காது வந்து வந்து மறைத்தது. பிறகு முகாம். சேறுதான். நனைந்த புல்தான். அதற்கு நடுவே ஐந்து பன்றிக்குட்டிகள் ஒன்றையொன்று புரட்டிக்கொண்டிருந்தன.

"அந்தக் காது கிழிஞ்சவன் என் கடைக்குட்டி," என்றான் கட்டையன். மூக்கைத் திரையில் வைத்து அழுத்தினான்.

ஒவ்வொரு குட்டியாக வந்தது. தாய்கள் இங்கிருந்து கூப்பிட, அங்கே குட்டிகள் போனை நக்கின. ஒரு முள்ளம்பன்றிக் குட்டிக்குக் காய்ச்சல். அதையும் முத்தரசி காட்டினாள். பிறகு அங்கிருந்த ஒரு பெரிய மரத்தில் ஏறினாள். இலைகள் நகர்ந்தன. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"கொக்."

மருதாணி போனை மறந்து, தலையைத் தூக்கித் தன் மேட்டு மரத்தைப் பார்த்தாள். கிளை காலியாக இருந்தது. அப்புறம்தான் நினைவு வந்து திரையைப் பார்த்தாள். ஓரத்தில் முத்தரசியின் முகம். அதே பழைய முகம், இமைக்காத கண். வலது பக்கம் பார்த்தது. போனும் மெல்ல வலது பக்கம் திரும்பியது.

புலி இருந்தது.

முகாமுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம். அதில் வெள்ளம் சுழித்து ஓடியது. அதற்கும் அப்பால் ஒரு பாறையில், நனைந்து விலா எலும்பு தெரிய, அதுவும் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பள்ளத்துக்கு இந்தக் கரையில் மூன்று யானைகள் பக்கவாட்டில் சுவர் மாதிரி நின்றன. அவற்றின் பின்னால்தான் குட்டிகள் விளையாடின.

திரையில் பெரியநாயகியின் குரல் கேட்டது. "சொன்னா பயந்துடுவீங்கன்னுதான் இல்லேன்னு போட்டேன்."

"பயப்படறது எங்க வேலை பெரியம்மா," என்றாள் மருதாணி. "உள்ளதைச் சொல்றது உங்க வேலை."

"பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்," என்று கட்டையன் ஆரம்பித்தான். மருதாணி அவன் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீர் பொட்டுவின் குளம்பை நனைத்தது.

"காலையிலே புலியே இல்லேன்னாங்க, நம்பல. இப்போ அக்கா இருக்குன்னு காட்டுறா. எங்கே இருக்கு, நடுவிலே யார் நிக்கறாங்கன்னும் காட்டுறா. என் பிள்ளையை அனுப்பறேன்." திரையைப் பார்த்துக் கேட்டாள். "அக்கா, இறங்கிட மாட்டியே?"

முத்தரசி கண்ணைத் திருப்பவில்லை. "கூப்பிட்ட மந்தி இறங்குமாடி?"

பொட்டு யானையின் முதுகில் ஏறியது. அதைப் பார்த்து மற்றவர்களும் புதரிலிருந்து பிள்ளைகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் முத்தரசியின் போனில் சார்ஜ் தீரப் போனது. அலங்காரம் தன் போனை அலகில் கவ்விக்கொண்டு ஒரு யானையின் முதுகில் தொற்றிக்கொண்டாள். வாழ்நாளில் முதல் முறையாகச் செய்தி இருக்கும் இடத்துக்கே அவள் போனாள். போய்ச் சேர்ந்து புலியை நேரில் பார்த்தாள். அன்றே குரூப்பில் எழுதினாள். இனிமேல் செய்தி போடுகிறவர்கள் தங்கள் முகத்தையும், எதைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதையும் காட்ட வேண்டும். காலை வணக்கத்துக்கு மட்டும் விலக்கு. அதை எந்தச் சட்டத்தாலும் நிறுத்த முடியாது.

பிள்ளைகளுக்குப் பின்னால் பெரியவர்கள் யானைகளை ஒட்டி நீந்தினார்கள். கடைசியாக மருதாணி கரையேறியபோது மலைவெள்ளம் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். நாவல் மேடு இல்லை. மரத்தின் தலை மட்டும் தண்ணீருக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. அதனடியில் ஒருவரும் இல்லை.

பொட்டு ஓடி வந்து அவள் மடியை முட்டியது. அவள் அதைக் கூட்டிக்கொண்டு முத்தரசி இருந்த மரத்தடிக்குப் போய் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். முத்தரசி இன்னும் புலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பாமலேயே கையை நீட்டிக் கொழுந்து ஒன்றைப் பறித்தாள். பாதி கடித்தாள். மீதி கீழே விழுந்தது.

மருதாணி ஒன்றும் தெரியாதவள் போல் அதைப் பொறுக்கித் தின்றாள்.

ஆபத்து நேரத்தில், தானே கண்ணால் பார்த்து, முகத்தைக் காட்டி, கசப்பையும் மறைக்காமல் சொல்கிறவரின் வார்த்தைதான் உயிரைக் காப்பாற்றும். மற்றதெல்லாம், எவ்வளவு பாசத்தோடு அனுப்பினாலும், வெறும் சத்தம்.