நெற்றியில் உட்கார்ந்த ஈ

மத்திய அரசு பெரிய மனசு பண்ணிக் கொடுத்த ஒரு வீடியோ திரையால் மாஜிஸ்திரேட் மங்களநாயகிக்கு நிம்மதி போயிற்று. விசாரணைக் கைதியைக் கோர்ட்டுக்கு அழைத்து வர வேண்டாம், சிறையிலிருந்தே முகத்தைக் காட்டினால் போதும் என்பது திட்டம். வேன் மிச்சம், டீசல் மிச்சம், போலீசுக்கு அலைச்சல் மிச்சம். இத்தனை பேருக்கு மிச்சமாகிற காரியம் கைதிக்கு எதை மிச்சம் வைக்கும் என்ற சந்தேகம் அவருக்கு முதல் நாளே வந்துவிட்டது.

அன்று, திட்டம் எப்படி நடக்கிறதென்று பார்க்க டெல்லியிலிருந்து வந்த அதிகாரி சதானந்தம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் மாடசாமி வந்தான். ஆட்டுத் திருட்டு வழக்கு. போன முறை நேரில் வந்தபோது, கையை இறக்கச் சொல்லியும் இறக்காமல் கடைசிவரை கும்பிட்டபடியே நின்றவன். இன்று மார்புவரைதான் தெரிந்தான். பின்னால் வார்டரின் காக்கிச் சட்டை தெரிந்தது.

“வணக்கம்மா” என்று தலையை மட்டும் ஆட்டினான்.

“ஏதாவது குறை இருக்கா?” என்று மங்களநாயகி கேட்டார்.

ஓர் ஈ வந்து அவன் நெற்றியில் உட்கார்ந்தது. தலையை உதறினான். அது மூக்குக்கு இறங்கியது. மறுபடி உதறினான்.

“ஒரு குறையும் இல்லம்மா. நல்லாப் பாத்துக்கிடுதாங்க.”

குரல் கணீரென்று கேட்டது. ஆனால் மங்களநாயகி, “சத்தம் சரியாக் கேக்கலை. இப்பவே நேர்ல கூட்டிட்டு வாங்க” என்றார். அதையே உத்தரவாகவும் எழுதினார். சிறை அடுத்த தெருவில்தான்.

சதானந்தம் குனிந்து, “எனக்கு நல்லாத்தானே கேட்டுது மேடம்? வழியில்லாதவங்க இதே திரையிலதான் இலவச வக்கீல்கிட்ட பேசறாங்க. நீங்க இப்படி எழுதினா மத்த ஊருக்கு இது வராது” என்றார். தம் அறிக்கையில் ‘ஒலி தெளிவு’ என்று எழுதினார்.

அவர் எழுதியது உண்மை. மங்களநாயகி எழுதியது பொய். மேலிடத்தில் விளக்கம் கேட்டால் வேலைக்கே ஆபத்து. அப்படி எதைக் கண்டு அவர் சந்தேகப்பட்டார்? குறையில்லை என்றவனுக்காகப் பொய் சொன்னவர் செய்தது சரியா, கேட்டதைக் கேட்டபடி எழுதியவர் செய்தது சரியா?

விடை: கும்பிடாமல் இருக்கத் தெரியாதவன் கும்பிடவில்லை. முகத்தில் ஈ ஊர்ந்தும் கை எழவில்லை. “கையைக் காட்டு” என்று திரையில் கேட்டிருந்தால், அவன் வந்து சேர்வதற்குள் குளியலறையில் வழுக்கி விழுந்த கதை தயாராகியிருக்கும். ஆகவே மங்களநாயகி செய்ததே சரி. மாடசாமி வந்தபோது இரண்டு கைகளும் வீங்கித் தொங்கின. அதைப் பார்த்த சதானந்தம், கைகள் தெரியும்படி கேமராவை மாட்ட வேண்டும் என்று அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார். அப்படியே மாட்டிவிட்டார்கள். மங்களநாயகி இப்போது கால்களை நினைத்துக் கவலைப்படுகிறார்.