விருந்தில் விழுந்த கையெழுத்து

நாட்டில் முனைவர் பட்டக்காரர்கள் பத்தவில்லையாம், மனித வளம் பெருகணுமாம். அந்த உத்தரவோடு துணைவேந்தர், பேராசிரியர் தாணுலிங்கம் வீட்டு விருந்துக்கே வந்துவிட்டார்.

"உங்க துறையில ஒருத்தர்கூட முடிக்கலையே, ஏன்?"

"பயலுகளுக்கு உழைப்பு பத்தாதுங்க ஐயா," என்றார் பேராசிரியர், மீனைப் பிட்டுக்கொண்டே.

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவன் அவருடைய ஆராய்ச்சி மாணவன் தங்கப்பழம். பணிவாகக் குனிந்து சொன்னான்: "நெசந்தாங்க ஐயா. காலையில சார் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல விடணும். அப்புறம் மீன் வாங்கணும், காரைக் கழுவணும். சாயங்காலம் சார் வீட்டு அம்மாவை ஜவுளிக்கடைக்குக் கூட்டிப் போகணும். இதுக்கு நடுவுல ஆய்வேட்டை எழுதி முடிக்கத்தான் முடிஞ்சுது. சார் கையெழுத்துக்காக மூணு வருஷமா அது அந்த அலமாரியில கெடக்கு."

துணைவேந்தர் எச்சில் கையோடு பேராசிரியரை முறைத்தார். கையெழுத்து அன்றைக்கே விழுந்தது. அந்த வருஷமே பட்டமும் வந்தது.

வேலைதான் வரவில்லை. ஊர் ஊராக அலைந்து செருப்புத் தேய்ந்து, கடைசியில் டாக்டர் தங்கப்பழம் அதே வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, டிரைவர் வேலையாவது சம்பளத்துக்குத் தருவீங்களா?"

அந்த அம்மா பாவப்பட்டுத்தான் சொன்னார்: "உங்களுக்குச் சம்பளம் குடுக்கணுமே தம்பி. நாட்டுக்கு டாக்டர் வேணும்னு சாருகிட்ட புதுசா அஞ்சு பேரை ஆராய்ச்சிக்குச் சேர்த்துவிட்டிருக்காங்க. அவங்க சும்மாவே ஓட்டுறாங்க."