சூளைச் சாவி

கண்ணாடிச் சிற்பி தேவசகாயம், விரிசல் விட்ட கண்ணாடிக் கொக்கு ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு தன் குருவைத் தேடிப் போனார். குரு அமிர்தவல்லி அவரைவிட வயதில் சிறியவள். தேவசகாயத்தின் வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தது.

கொட்டகையில் அமிர்தவல்லி மெழுகு உருவம் ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். அச்சு செய்வது அவள் வேலை. அதில் கண்ணாடியை உருக்கி வார்ப்பது கணவர் தணிகாசலத்தின் வேலை. வார்த்து முடித்திருந்த அவர், வார்ப்பு உள்ளே ஆறிக்கொண்டிருந்த பூட்டிய சூளையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. முகமே சரியில்லையே?"

தேவசகாயம் துண்டை அவிழ்த்தார்.

"என் சம்சாரம் ஸ்டெல்லா செஞ்ச அச்சு. வார்த்தது நான். அச்சு சரியில்லன்னு ஒரு வார்த்தை சொன்னேன், இனிமே உங்களோட வேலையே செய்யமாட்டேன்னுட்டா. அச்சு செய்யத் தெரியாதவளோட எப்படிம்மா காலம் தள்றது?"

அமிர்தவல்லி விரிசலைத் தடவிப் பார்த்தாள். மறுபடி மெழுகைச் செதுக்கினாள்.

தேவசகாயத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்துபோய் அவரும் சூளையைச் சுற்ற ஆரம்பித்தார்.

"தொட்டுப் பாருங்க, ஜில்லுனு இருக்கு," என்று கிசுகிசுத்தார் தணிகாசலம்.

"அப்ப திறக்க வேண்டியதுதானே?"

"சாவி அவகிட்ட."

"வார்த்தது நீங்க. சாவி அவங்ககிட்டயா?"

"நல்லா கேளுங்க. எனக்கும் சேர்த்துக் கேளுங்க." தணிகாசலம் குரலை உயர்த்தினார். "அமிர்தம், லேசா எட்டிப் பார்த்துட்டு மூடிடறேன்."

"வெளியதான் ஆறியிருக்கு. உள்ள ஆறல. இப்பத் திறந்தா காத்துப் பட்டு விரிசல் விடும். போய் அண்ணனுக்கு டீ போடுங்க."

முனகிக்கொண்டே போனார் தணிகாசலம்.

"கையில என்னண்ணே கட்டு?"

"சுட்டுடுச்சும்மா."

"எது?"

தேவசகாயம் மறுபடி துண்டைச் சுற்றப் பார்த்தார்.

"கொக்குதான்," என்றார் கடைசியில். "அவ பூசைக்குப் போயிருந்தா. மனசு கேக்கல. சூளையைத் திறந்து கையில எடுத்துட்டேன்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"அடுப்புல சுட்டுக்கிட்டேன்னு சொல்லியிருக்கேன். இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவ முன்னால நிக்கறது?"

"நடந்ததைச் சொல்லுங்க. சொல்லிட்டு, சூளைச் சாவியைக் கொடுங்க."

"எங்க சூளைக்குப் பூட்டே கிடையாதேம்மா."

அமிர்தவல்லி மெழுகுத் தூளை ஊதிவிட்டு நிமிர்ந்தாள்.

"போற வழியில ஒண்ணு வாங்குங்க. ரெண்டு சாவி தருவான். ரெண்டையும் அவங்ககிட்டயே கொடுத்துடுங்க."