சாத்திக்கொண்ட கதவு

"முந்நூறு பக்கத்தை ஒரே பக்கமாக்கிட்டேன். இதுக்கு மேல என்னம்மா சுருக்கறது?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

தாலுகா ஆபீஸ் வாசலில் முப்பது வருஷம் மனு எழுதியவர் அவர். பேச்சைக் குறைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைவிட இருபது வயது இளையவள். எல்லாரும் அம்மா என்பார்கள். அவரும்.

"படிங்க," என்றாள்.

கிணறு வெட்டும் துரைக்கண்ணு தன் வாழ்க்கையை முந்நூறு பக்கமாக மூன்று நோட்டுகளில் எழுதியிருந்தார். படுக்கையில் விழுந்ததும் அவற்றை மகள் அஞ்சலைக்குக் கொடுத்தனுப்பினார். ஏழு வருஷமாக அவள் அப்பன் முகத்தைப் பார்க்கவில்லை.

நோட்டுகள் திரும்பி வந்தன. கூடவே ஒரு சொல்லும் வந்தது.

"மூணு நோட்டு படிக்க எனக்குப் பொழுதில்ல. ஒரு பக்கத்துல எழுதித் தரச் சொல்லுங்க. படிச்சுட்டு, வர்றதா வேண்டாமான்னு பார்க்கறேன்."

அந்த ஒரு பக்கத்தைத்தான் துரைக்கண்ணுவுக்காக ஏகாம்பரம் எழுதியிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"துரைக்கண்ணு நாற்பத்தொரு கிணறு வெட்டினார். கரும்பாறை உடைத்தார். மூன்று ஊருக்குத் தண்ணீர் கொடுத்தார். தம்பிகள் இருவரையும் ஆளாக்கினார். தன் விருப்பப்படி மணம் முடித்த மகள் கைக்குழந்தையோடு வந்து நின்றபோது, கதவு சாத்திக்கொண்டது. அதன் பிறகு..."

"நில்லுங்க. கதவு என்ன செஞ்சுது?"

"சாத்திக்கொண்டது."

"நீங்க எழுதினதா?"

"அவர் எழுதினதும்மா. ஒரு எழுத்து நான் மாத்தல."

"உங்களுக்கு அது உறுத்தலையா?"

"மனுவுல அப்படித்தானே எழுதுவோம். தவறு நேர்ந்துவிட்டதுன்னு எழுதணும். தவறு செய்தேன்னு எழுதினா மனு நிக்காது."

குரு எழுந்து போனாள். மடத்துக் கதவை அகலத் திறந்து வைத்தாள். திரும்ப வந்து கீரையை எடுத்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா?"

"சாத்திக்கட்டும். பார்க்கலாம்."

கட்டுக் கீரை முழுவதும் ஆய்ந்தாயிற்று. ஒரு கோழி உள்ளே வந்தது. தண்டைக் கொத்தியது. வந்த வழியே போனது.

கதவு அப்படியே நின்றது.

"காத்தடிச்சாத்தானே சாத்தும்," என்றார் ஏகாம்பரம்.

"அன்னைக்குக் காத்தா?"

அவர் இரண்டாம் நோட்டைப் புரட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு வாசித்தார்.

"சித்திரை மாசம். ஒரு இலைகூட அசையவில்லை. புழுக்கம் தாங்காமல் பிள்ளை அழுதது."

குரு கீரையை அலசப் போய்விட்டாள்.

ஏகாம்பரம் முதல் நோட்டிலிருந்து திரும்பவும் பார்த்தார். நான் வெட்டினேன். நான் உடைத்தேன். நான் இறங்கினேன். பக்கத்துக்குப் பத்து நான்.

மகள் வந்து நின்றதை எழுதிய பக்கத்தில் மட்டும் ஒரு நான்கூட இல்லை. கதவு இருந்தது.

நோட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

துரைக்கண்ணு கயிற்றுக் கட்டிலில் கிடந்தார்.

"எழுதிட்டீரா?"

"ஒரு சந்தேகம். கிணறெல்லாம் வெட்டினது யாரு?"

"என்னய்யா கேள்வி இது. நான்தான்."

"பாறை உடைச்சது?"

"நான்தான். ஊரையே கேட்டுப் பாரும்."

"கதவைச் சாத்தினது?"

துரைக்கண்ணு வாசல் பக்கம் பார்த்தார். மூச்சு ஏறி இறங்கியது. ஏகாம்பரம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"கிணத்தையெல்லாம் கோடு போட்டு அடிச்சுடும்," என்றார் துரைக்கண்ணு.

"எல்லாத்தையுமா? நாற்பத்தொண்ணு."

"எல்லாத்தையும். அவ தண்ணி கேட்டு வரல."

ஏகாம்பரம் புதுத் தாள் எடுத்தார். துரைக்கண்ணு சொன்னார். மூன்றே வார்த்தை. கையெழுத்தை அவரே போட்டார்.

அஞ்சலை தாளை நின்றபடியே வாங்கினாள்.

'கதவை நான் சாத்தினேன்.'

பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம் பார்த்தாள்.

பிறகு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டாள்.

"செருப்பப் போடுடீ."