குப்பாண்டி ராஜாவின் பெயர்ப்பொருள்

குப்பாண்டி, பிச்சை, மண்ணாங்கட்டி என்றெல்லாம் பெயர் கொண்டவர்களைப் பெற்றோர் வெறுத்தார்கள் என்று ஒரு நம்பிக்கை நாட்டில் பரவியிருக்கிறது. படித்தவர்களும் இதை நம்புவது மிகுந்த கவலைக்குரியது. உண்மை நேர்மாறானது. அடுத்தடுத்துப் பிள்ளைகளைச் சாகக் கொடுத்த வீட்டில்தான் இப்படிப் பெயர் வைப்பார்கள். எமனுக்கே பிடிக்காமல் போகட்டும் என்று. தேனாக ஒலிக்கும் பெயர்களைத்தான் சந்தேகிக்க வேண்டும். போதும்பொண்ணு என்று ஒரு பெயர் உண்டு. கேட்டால் கொஞ்சுவதுபோல் இருக்கும். உண்மையில் அது, பெண் பிறந்தது போதும், இனி வேண்டாம் என்று தெய்வத்திடம் கொடுத்த மனு.

சாத்தூரில் தலைமையாசிரியர் இராசகம்பீரனுக்கு நான்காவது மகளாகப் பிறந்தவள் அந்தப் பெயரைச் சுமந்தாள். மனு பலித்தது. அடுத்துப் பிறந்த தம்பிக்குத் தவமணி என்று பெயர். தவமிருந்து பெற்ற மணி.

வகுப்பில் வருகைப் பதிவின்போது அவள் பெயரைக் கூப்பிட்டால் நாற்பது குரல்கள் "போதும் சார்!" என்று கத்தும். சத்துணவு வரிசையில் யாராவது, "இவளுக்குப் போடாதீங்கக்கா, பேர்லயே சொல்லிட்டா" என்பார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாவதற்கு முன் அப்பாவிடம் கெஞ்சினாள்.

"பேரை மட்டும் மாத்திக் குடுத்துடுங்கப்பா."

"பெத்தவங்க வெச்சதுதான் பேரு," என்றார் அவர். "அதை மாத்துறவன் பெத்தவங்க மூஞ்சியில துப்புறவன்."

அவள் மாற்றவில்லை. மணமும் செய்துகொள்ளவில்லை. சிறுவர் வார இதழில் மாயக்கதைகள் எழுதத் தொடங்கினாள். மலைவிழுங்கி என்ற பூதம், நிழல்திருடி என்ற சூனியக்காரி என்று அவள் வைத்த பெயர்களுக்காகவே பிள்ளைகள் காத்துக்கிடந்தார்கள். அவை புத்தகங்களாக வந்தபோது ஒவ்வொன்றின் கடைசியிலும் பெயர்ப்பொருள் என்று ஒரு பகுதி இருக்கும். பூதத்துக்கு யார் பெயர் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று அரைப் பக்கத்துக்குக் குறையாமல் எழுதுவாள். ஒருமுறை ஒரு தவளைக்கே ஒன்றரைப் பக்கம்.

சாகக் கிடந்த அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா என்னிக்காவது உங்கிட்ட ஒண்ணு கேட்டா, இல்லேன்னு சொல்லிடாத தாயி." அவள் வாக்குக் கொடுத்தாள். காரியம் முடிந்து டிரங்குப் பெட்டியில் பத்திரங்களைத் தேடியபோது பழைய அரசிதழின் ஒரு தாள் கிடைத்தது. குப்பாண்டி ஆகிய நான் இனி இராசகம்பீரன் என்று அழைக்கப்படுவேன் என்று அதில் அச்சாகியிருந்தது. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. பதினோரு வருடம் காத்திருந்தாள்.

எண்பதாவது வயதில் அப்பா வாய் திறந்தார். "தவமணிக்குப் பிள்ளை இல்ல. என் பேரைச் சுமக்க ஒரு பேரன் இல்ல. நீ எழுதுற கதையில ராஜா வர்றாராமே. அவருக்கு என் பேரை வையி."

"சரிப்பா, வைக்கிறேன்," என்றாள்.

புத்தகம் அச்சாகி வந்தது. வெளியீட்டு விழாவுக்கு அப்பாவிடம் படித்த மாணவர்கள் முந்நூறு பேர் வருவதாக ஏற்பாடு. அவள் தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ஊர்ல இருந்து அத்தையைக் கார் வெச்சுக் கூட்டிட்டு வந்துடு. முன்வரிசையில உக்கார வை."

மேடையில் உறையைப் பிரித்தார்கள். அட்டையில் பெரிய எழுத்தில் 'குப்பாண்டி ராஜா', கீழே, 'போதும்பொண்ணு'. "எங்கள் அப்பாவின் பெயரை ராஜாவுக்கு வைத்திருக்கிறேன்," என்று ஒலிபெருக்கியில் சொல்லி, அந்த அரசிதழ்த் தாளையும் வாசித்தாள். ஒருவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பெயர்ப்பொருளை உரக்கப் படித்தார். குப்பாண்டி: குப்பையில் கிடந்தவன். அவ்வளவுதான் இருந்தது. மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் அப்பா நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வருடம் வகுப்பறைச் சிரிப்பை அடக்கியவருக்கு இது பெரிதில்லை.

தவமணிக்குத்தான் பொறுக்கவில்லை. எழுந்து நின்று கத்தினான். "எங்க அப்பா பேரு அது இல்ல! அவரை அசிங்கப்படுத்துறதுக்குன்னே பொய் சொல்றா!"

அப்பாவின் அக்கா பேச்சியம்மாள் கைத்தடியை ஊன்றி எழுந்தாள். "யார்ரா பொய்யிங்கிறது? எனக்கப்புறம் எங்க ஆத்தாவுக்கு மூணு பிள்ளை தங்கல. எமனை ஏமாத்தத்தான் இவன் பொறந்ததும் குப்பைமேட்டுல போட்டா. பக்கத்து வீட்டுக்காரி ஒருபடி தவிட்டைக் குடுத்து எடுத்து, ஆத்தாகிட்டயே வளக்கக் குடுத்தா. நான் பாத்துக்கிட்டு நின்னேன். இவன் எங்களுக்கு வேணும், வேணும்னுதானேடா அந்தப் பேரு!" பிறகு மேடையைப் பார்த்துக் கும்பிட்டாள். "நீ நல்லாருப்ப தாயி, போதும்பொண்ணு."

சிரிப்பு நின்றது. முந்நூறு பேரும் புத்தகத்தின் அட்டையை இன்னொரு முறை பார்த்தார்கள். மேலே இருந்த பெயரைப் பார்த்தார்கள். கீழே இருந்த பெயரைப் பார்த்தார்கள். பிறகு முன்வரிசையைப் பார்த்தார்கள். அப்போதுதான் இராசகம்பீரன் தலை குனிந்தார்.

பெயரை எழுதியவள் மகள். அதற்குத் தலை குனியவில்லை. மறுத்தவன் மகன். பொருளைச் சொன்னவள் அக்கா. அவளோ வாழ்த்தத்தான் செய்தாள். வாசகரே, அவரைத் தலை குனிய வைத்தது யார்?

விடை: மகள். தவளைக்கு ஒன்றரைப் பக்கம் எழுதுகிறவள் அப்பாவுக்கு இரண்டே சொல் எழுதினாள் என்றால், மீதியைச் சொல்ல வேறொருவரை ஏற்பாடு செய்திருக்கிறாள் என்று பொருள். அத்தையைக் கார் வைத்து வரவழைத்தவள் அவளே. தம்பி கத்தாமல் இருக்கமாட்டான் என்பதும் அவளுக்குத் தெரியும். வாக்கை மீறினாளா என்றால், இல்லை. பெற்றவர்கள் வைத்ததுதான் பெயர் என்று தீர்ப்பளித்தவர் அவர்தான்.

அடுத்த வாரம் வெள்ளையடிப்பதற்காக வாசலில் இருந்த 'இராசகம்பீரன் இல்லம்' என்ற பலகையைக் கழற்றினார்கள். வெள்ளையடித்து நான்கு மாதம் ஆகிறது. அந்த ஆணியில் இப்போது தவமணி ஹெல்மெட் மாட்டுகிறான்.